சின்னராசா காத்த படம்

காலனே வந்தாலும் இந்தப் படத்தைத் தொட முடியாதபடி செய்துவிடுவது என்று சின்னராசா சபதம் பூண்டார். நமுனுகுலத் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கிளாக்கராக இருந்தவர். அவர் கைக்கு வந்த எந்தக் கடதாசியும் லெமினேட் ஆகாமல் தப்பியதில்லை. பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், ஏன், மின்கட்டணச் சீட்டும்கூட!

பழைய பங்களாவில் ஏலம் எடுத்த நிலைக்கண்ணாடியின் முதுகுக்குள் ஒளிந்திருந்தது அந்தப் படம். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் பத்திரிகைத் தாள். மரத்தில் செதுக்கி அச்சிட்ட மலைப்பாதை. கூடை சுமந்து ஏறும் சனம். எவரோ தூரிகையால் தீட்டிய சிவப்புத் தலைப்பாகைகள். பின்பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் ஆங்கிலச் செய்தி. பதுளைக் கண்காட்சிக்காகப் பழைய படங்களை மதிப்பிடும் றஷீதா அடுத்த மாதம் பார்க்க வருவதாக இருந்தார். அசல்தான் என்று அவர் ஒப்பினால், படம் சின்னராசாவின் பெயரோடு அங்கே தொங்கும்.

“லெமினேட் வேணாங்க. சூட்டுல சாயம் செத்துரும்” என்றாள் மனைவி கலாராணி.

“பெக்டரியில தேயிலத் தூள் சலிச்சவளுக்குப் படத்தப் பத்தி என்னா தெரியும்?”

“ஒன்னுந் தெரியாதுங்க.”

மறுநாள் கிளினிக் என்று சொல்லிப் பதுளைக்குப் போய்வந்தாள். அதற்கடுத்த நாள், படத்தைத் தானே உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

“அப்படியே பதுளையில நம்ம வாஹித் நானா லெமினேட் கடையில குடுங்க. வழியில தொறந்தா தூறல் பட்டுரும்.”

மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று சின்னராசா பூரித்தார். லெமினேட் ஆன படம் சுவரேறியது. வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, பூதக்கண்ணாடியைக் கையில் திணித்தார். “தூரிகை ஓடியிருக்கிற அழகப் பாருங்க!”

றஷீதா வந்தார். பார்த்தார். படத்தைக் கழற்றித் திருப்பினார்.

“ஐயா, பத்திரிகைத் தாளுக்குப் பின்பக்கம் வெள்ளையா இருக்கே? இது மெஷின்ல எடுத்த கலர் கொப்பி, அசல் இல்ல.”

சின்னராசாவின் முகமும் வெள்ளையாயிற்று. “அடே வாஹித்து! என் படத்த முழுங்கிட்டியே!”

“அவர ஏங்க ஏசுறீங்க? நான் கேட்டேன், கொப்பி எடுத்துக் குடுத்தாரு. நீங்க கேட்டீங்க, லெமினேட் பண்ணிக் குடுத்தாரு” என்றபடி, கலாராணி அலுமாரியிலிருந்து ஓர் அட்டை உறையைக் கொண்டுவந்தாள். உள்ளே, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே, மடிப்பின்றிக் கிடந்தது அசல்.

றஷீதா மூச்சடக்கிப் பார்த்தார். “கோடு தாண்டிச் சாயம் கசிஞ்சிருக்கு. கைவேலையேதான். யார் இவ்வளவு பக்குவமா வச்சது?”

“வெயில், ஈரம், வாடை மூணும் தூளுக்கு ஆகாது மிஸ். தாளுக்கும் ஆகாதுன்னு வச்சேன்.”

“பாதுகாத்தவர் கலாராணி” என்று றஷீதா எழுதிக்கொண்டார்.

சின்னராசா படத்தை வியந்தார். மனைவியை அதைவிட வியந்தார். திடீரென அவர் நெஞ்சில் ஒரு முள் தைத்தது.

“ஏ புள்ள, அப்ப என் பொறப்புச் சான்றிதழ்?”

“அதுவுங் கொப்பிதாங்க.”

“கல்யாணச் சான்றிதழ்?”

“அதுவுந்தான்.”

“நான் லெமினேட் பண்ணுனதுல ஒன்னாவது ஒரிஜினல் இருக்கா, இல்லையா?”

கலாராணி சற்று யோசித்தாள்.

“கரண்டு பில்லு இருக்குங்க.”