தலை தீபாவளிக்கு சோலார் வெந்நீர்

சோலார் பேனலும் இன்வெர்ட்டரும் மாட்டித் தருகிற கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு, சூரியன் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாமல் போகுமா? எனக்குப் போனது. அதுவும் தலை தீபாவளி அன்று, மாமனார் மாமியார் முன்னால், தலையில் எண்ணெயோடு.

கல்யாணமான மூன்றாவது மாதம் என் மனைவி மஞ்சுளாவுக்கு வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் கள்ளக்குறிச்சியில், அவள் மலைமேல். அவளுடைய குவார்ட்டர்ஸில் இன்னொரு சிஸ்டரும் இருந்ததால் நான் அங்கே தங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டு, கடைசி பஸ்ஸில் இறங்கி வருவேன். (கட்டின பொண்டாட்டியைப் பார்க்க ஓ.பி. சீட்டு வாங்காத குறைதான்.)

அதற்காகத்தான் அந்த வேனை வாங்கினேன். ஏதோ ஒரு ஸ்கூல் ஓட்டித் தேய்த்த மஞ்சள் வேன். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு பிளைவுட் கட்டில், மடக்கு மேஜை, ஒரு ஃபேன், கூரையில் ஒரு பேனல் எல்லாம் மாட்டி, கேம்பர் வேன் என்று பெயர் வைத்தேன். தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. "இன்னாடா, வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்த வேனில் எனக்கு ரொம்பப் பெருமை கூரைமேல் இருந்த வெந்நீர் ஏற்பாடுதான். ஆறு இஞ்ச் பி.வி.சி. பைப் இரண்டு, எட்டடி நீளம். இரண்டு பக்கமும் மூடி போட்டு, கறுப்பு பெயின்ட் அடித்து, ஒரு குழாய் வைத்தேன். தொண்ணூறு லிட்டர் பிடிக்கும். வெயிலில் நிறுத்தினால் மத்தியானத்துக்குள் தண்ணீரில் கை வைக்க முடியாது. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அத்தனை பேரையும் மத்தியானத்தில்தான் கூட்டிப் போயிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளி வந்தது. மஞ்சுளாவுக்குக் காலை ஏழு மணி டூட்டி. இரவு டூட்டி பார்க்கிற சிஸ்டருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர் ஊருக்குப் போய்ப் பண்டிகை கொண்டாட முடியும். அதனால் மஞ்சுளா கீழே வர வழியில்லை. "பரவால்லங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னாள். குரலைக் கேட்டால் பரவாயில்லை மாதிரி இல்லை. அவள் அம்மா கையால் எண்ணெய் வைத்து, அவள் அம்மா கையால் தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. புதுப் புடவைகூடக் கேட்கவில்லை.

"நீ வர வாணாம். தீபாவளிய நான் மேல கொண்டாரேன்" என்றேன்.

முதல் நாள் மூன்று மணிக்கு தியாகதுருகத்தில் மாமனார் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். அவர் ஓர் அண்டாவையும் ஒரு கட்டு சவுக்கு விறகையும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு மாமா?"

"வெந்நி போட வாணாமா மாப்ள? நாலு தல குளிக்கணும்."

"வேன்லயே வெந்நி வரும். சூரியன் போட்டுக் குடுத்துடும்."

மாமனார் கூரையை அண்ணாந்து பார்த்தார். நாற்பது வருடமாக போர் தண்ணீரில் கரும்பு போடுகிற மனிதர். "இது போர் பைப்பு தான?"

"பைப்புதான் மாமா. கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்கேன்."

குழாயைத் திறந்து தொடச் சொன்னேன். தொட்டவர் சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். மாமியார் மட்டும் கேட்டார்: "விடியறதுக்கு முன்ன இல்ல மாப்ள குளிக்கணும்?"

"பகல்ல புடிச்ச வெயில ராத்திரிக்கு லைட்டா எரிய வுடறதுதான் அத்தை என் தொழிலே. இதுவும் அப்படித்தான். சூடு உள்ளயே நிக்கும்." (பேட்டரிக்கும் பைப்புக்கும் வித்தியாசம் தெரியாத இந்த ஆளுக்கு ஒரு முதலாளி மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.) மாமனார் அண்டாவையும் விறகையும் இறக்கி வைத்துவிட்டு, விரலை ஊதிக்கொண்டே ஏறினார்.

மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. பாதி வழியில் மேகம் வந்து வேனை மூடிக்கொண்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல தூறல். மாமியார் குவார்ட்டர்ஸில் மகளோடு படுத்துக்கொண்டார், நானும் மாமனாரும் வேனில். கூரைமேல் மழை விழுகிற சத்தத்தை ரசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். அது என் பைப்மேல் விழுகிற சத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலை ஐந்து மணிக்கு எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில், குவார்ட்டர்ஸ் வராந்தாவில் மணை போட்டார்கள். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை மாமியார் முதலில் மகள் தலையில் வைத்தார், பிறகு எனக்கு, பிறகு மாமனாருக்கு. கடைசியில் தானும் தேய்த்துக்கொண்டார். மஞ்சுளா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் குழாயைத் திறந்தேன்.

வந்த தண்ணீரில் கை விறைத்தது. கொஞ்சம் ஓடினால் சூடு வரும் என்று ஒரு பக்கெட் தண்ணீரைக் கீழே விட்டேன். அது இன்னும் ஜில்லென்று வந்தது.

மாமனார் நேற்று சுட்டுக்கொண்ட அதே விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

"மாப்ள," என்றார் நிதானமாக. "சூரியன் எப்ப வரும்?"

குவார்ட்டர்ஸில் இருந்தது கரண்ட் அடுப்பு. மழையில் கரண்ட் போயிருந்தது. வேனில் இருந்த சின்ன கேஸ் அடுப்பை, சோலார் இருக்கும்போது அது எதற்கென்று நானே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். சுற்றிலும் கிடந்த சுள்ளியெல்லாம் ஊறிப்போயிருந்தது. பத்துத் தீக்குச்சி கிழித்தேன், புகைதான் வந்தது. "அந்தத் தண்ணியையே ஊத்திக்கிறேம்மா" என்றாள் மஞ்சுளா. "எண்ண தலைக்குப் பச்சத் தண்ணியா? ஜன்னி கண்டுரும்" என்று மாமியார் சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆறே முக்கால்வரை மணையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, துண்டால் தலையைத் துடைத்துக் கொண்டை போட்டாள். "நான் போலன்னா அந்த அக்கா பஸ்ஸ வுட்டுடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்மில் கிளம்பினாள். என்னைப் பார்க்கவே இல்லை. மாமியார் வெறும் சொம்போடு வாசலில் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் எண்ணெய், யாருக்கும் தெரியவில்லை.

எட்டு மணிக்கு, கொஞ்சம் தள்ளி மேட்டில் இருக்கும் வீட்டு அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "எங்க வூட்ல அடுப்பு எரியுதுங்க, வெந்நி வச்சித் தரேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. மாமனார் அசையவில்லை.

"வாணாம்மா. பொண்ணு எண்ணத் தலையோட வேல செஞ்சிக்கினு இருக்குது. அது வந்து குளிக்கட்டும். அப்பறந்தான் நாங்க."

பத்து மணிக்கு மேகம் கலைந்தது. அன்றைக்கு வெயிலைப் பார்த்த மாதிரி நான் என் மனைவியைக்கூடப் பெண் பார்க்கும்போது பார்த்ததில்லை. ஆனால் வேன்மேல் மரத்து நிழல். ஸ்டார்ட் செய்தால் மழையில் நனைந்த வண்டி இருமியது, கிளம்பவில்லை. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். எண்ணெய்க் கை வழுக்கியது. நிழல் நகர நகர நாங்களும் நகர்த்தினோம். வெயிலைத் துரத்திக்கொண்டு வேன் தள்ளுகிற இரண்டு எண்ணெய்த் தலையர்களை வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. "இன்னா மாப்ள, இன்னும் ரெண்டடி தள்ளட்டுமா?" என்று மாமனார் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

இரண்டேகாலுக்கு மஞ்சுளா வந்தாள். கன்னத்தில் எண்ணெய் வழிந்த கோடு காய்ந்திருந்தது. நான் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து மாமியாரிடம் கொடுத்தேன். அவர் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். வேனுக்குப் பின்னால் கட்டிய புடவை மறைப்புக்குள் முதல் சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மஞ்சுளா சிரிக்கிற சத்தம்.

மகள், பிறகு மாமியார், பிறகு மாமனார். யாரும் சிக்கனம் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. "அவரு சூரியனுக்கே சொந்தக்காரரு, அவருக்கு எதுக்கு வெந்நி?" என்று மாமனார் குவார்ட்டர்ஸ் தொட்டியைக் காட்டினார். குளித்தேன். பல் கிட்டிக்கொண்டது.

இப்போது மஞ்சுளாவுக்குக் கீழேயே வேலை. வேனும் போய்விட்டது. அதை விற்ற அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கீசர் இருக்கிறது. ஆனாலும் தீபாவளி அன்று காலை டூட்டியை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள், கைக்குழந்தைக்காரிகள் வீட்டுக்குப் போகட்டும் என்று. ஆகவே தெரு முழுக்கத் தின்று தூங்குகிற மத்தியானம் இரண்டரை மணிக்குத்தான் எங்கள் வீட்டில் தீபாவளிக் குளியல். அதுவரை மாமனார் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காரணத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி முறை எனக்கு, பச்சைத் தண்ணீர். அது அவர் தீர்ப்பு, அப்பீல் கிடையாது.

மஞ்சுளா மட்டும், அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது, ஒரு சொம்பு வெந்நீரைக் கொண்டுவந்து என் தலையில் ஊற்றிவிட்டுப் போவாள். இரண்டாவது சொம்பு ஒரு வருடம் கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.