சுத்தியல் படாத கார்

வெட்டி, பற்றவைத்து, விளிம்பைத் தேய்த்து, உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்து, "அடடா!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்ட பிறகுதான், கார்களுக்கு ஒடுக்கு எடுக்கும் டிங்கருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அப்பாவும் அம்மாவும் விடியக்காலைல ரயிலுக்குப் போறப்ப காரை நம்ம பட்டறையில விட்டுட்டுப் போயிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துப்பாங்க. பாத்தீங்களா?"

"எந்தக் கார்?"

"அவருக்கு என்ன, வாசலுக்கு ஒண்ணா நிக்குது? அந்தச் சாம்பல் கலர் கார்தான்."

டிங்கர் மெல்லத் திரும்பி முற்றத்தைப் பார்த்தார். காயலான் கடைக்காரர் முந்தின நாள் இறக்கிவிட்டுப் போன பழைய கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வயசு, வெயிலில் வெளுத்து ஒரே நிறம். அதில் நடுவில் நின்ற ஒன்றுக்கு மட்டும் இடது பக்கப் பின் மட்கார்டும் டிக்கி மூடியும் இல்லை. காலையில் இருந்தன.

"பாத்தேன்," என்றார்.

"பத்திரம். அப்பா இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் இறங்கி வந்திருக்கார். அதுல உங்க சுத்தியல் பட்டுது, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."

"சுத்தியல் படல," என்றார் டிங்கர். அது சத்தியமான வார்த்தை. பட்டது கட்டிங் மெஷின்.

மாமனார் ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர். கம்பெனிக்காரன் வைத்த ஆணி ஒன்று இடம் மாறியிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போய்விடும். மருமகனோ ஓட்டை உடைசல் கார்களை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, மூக்கை நீட்டி, எஞ்சினை வெளியே தெரியவிட்டு, கண்ட கண்ட வண்டித் தகடுகளை வெட்டி ஒட்டி, 'ஹாட் ராட்' என்று புது அவதாரம் எடுக்கவைக்கிறவர். இரண்டும் எங்கே ஒட்டும்?

கல்யாணமான புதிதில் ஒரு நாள், மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளை ஆசை ஆசையாக அவர் கார் பம்பரை நிமிர்த்திவைத்தார். கேட்காமல் செய்தார், அதுதான் குற்றம். பாதிச் சாப்பாட்டில் எழுந்த மனிதர், அன்றிலிருந்து மகள் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வந்தார். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னார். 'நாலு வண்டியை வெட்டி ஒரு வண்டி பண்றதுக்குப் பேர் வேலையாம்' என்று சுவரிடம் பலமுறை குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

டிங்கருக்கு இது நெஞ்சில் தைத்த முள். ஏனென்றால் அவருக்கு மாமனாரை உள்ளூரப் பிடிக்கும். தன் காரைத் தானே துடைக்கிற மனுஷன் கெட்டவனாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. அந்தக் காரை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றால் சமாதானக் கொடி காட்டிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கொடியைத்தான் டிங்கர் இப்போது வெட்டி, ஹாட் ராடின் பின்பக்கத்தில் பற்றவைத்திருந்தார்.

"நீ என்னய்யா பண்ணுவே?" என்று ஆறுதல் சொன்னார் பெயின்டர். பட்டறையில் அவர் பாதிப் பங்காளி, பேச்சில் முழுப் பங்காளி. "நம்பர் பிளேட் இல்ல, சீட்டு உறை இல்ல. யார் பாத்தாலும் காயலான் வண்டின்னுதான் சொல்லுவாங்க."

"அதான் எனக்குப் புரியல. நம்பர் பிளேட் இல்லன்னு பாதி ஊருக்கு அபராதம் போட்ட மனுஷன், அவரே அப்படி ஓட்டிட்டு வருவாரா?"

"அவர் விட்டுட்டுப் போனதும், காலைல காசு வாங்க வந்த காயலான் கடை ஆளுங்க கழட்டியிருப்பாங்க. எந்த வண்டியப் பாத்தாலும் அவங்களுக்குக் கை முதல்ல அங்கதான் போகும். உனக்கு மட்கார்டுக்குப் போகல?"

நியாயமான பேச்சு.

"வெட்டினதை எடுத்துத் திரும்ப ஒட்டிடேன்."

"சட்டை தைச்ச துணிய மறுபடி முழுத்துணியா ஆக்க முடியுமா? வளைவுக்காக ஓரத்தை எல்லாம் நறுக்கிட்டேன்யா."

சரி, பக்கத்துக் காரின் மட்கார்டையும் டிக்கி மூடியையும் எடுத்து மாட்டிவிட்டால் போச்சு. மாட்டினார். ஆனால் அந்தக் கார் அடுத்த வருஷத்து மாடல். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி. இடைவெளியை மறைக்கக் கதவை நகர்த்தினார். நகர்த்திய கதவு சாத்தவில்லை. ஓங்கிச் சாத்தினார். சாத்திக்கொண்டது, கண்ணாடிதான் உள்ளே விழுந்து நொறுங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கதவையும் மாற்றினார். கதவு மாறியதும் முன் மட்கார்டு துருத்தியது. அதை மாற்றியதும் பானெட் கோணியது.

"பானெட்டையும் மாத்திடு," என்றார் பெயின்டர். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன?"

இதில் இன்னொரு கூத்து. மாமனார் காரிலிருந்து கழன்று விழுந்த தகடு ஒவ்வொன்றும் அந்தக் காலத்துக் கெட்டித் தகடு. தட்டினால் கணீரென்று பேசியது. டிங்கருக்குக் கை சும்மா இருக்குமா? பானெட்டை நெடுக்காக வெட்டி ஹாட் ராடுக்கு மூக்கு நீட்டினார். கதவை இரண்டாக்கிப் பக்கவாட்டில் பொருத்தினார். டிராக்டர் விளக்கு, பஸ் ஸ்டியரிங், லாரிப் புகைக்குழாய் எல்லாம் ஏற்கனவே இருந்தன. அவற்றுக்கு நடுவே மாமனாரின் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிபெயர்ந்தது. செய்கிற வரைக்கும் டிங்கர் பாட்டு முணுமுணுத்தார். செய்து முடித்ததும்தான் அது யார் கார் என்று ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை சாப்பாடு கொண்டுவந்த மனைவி, ஹாட் ராடைப் பார்த்து வழக்கம்போல, "என்ன, உங்க சக்களத்தி சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் காரைப் பார்த்தாள். சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்தாள்.

"இது அப்பா கார் இல்ல."

"எஞ்சின் அவரோடது. அடிச்சட்டம் அவரோடது. சீட்டு..."

"மேல இருக்கிறது?"

டிங்கர் சக்களத்தியைக் கைகாட்டினார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சக்களத்தியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் ஒரு பழைய போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அப்பா காரோடு நிற்கிற படம்.

"ஒடுக்கு எங்க? அப்பா கார்ல மொத்தம் எத்தனை ஒடுக்கு, பாருங்க. ஒண்ணையாவது யாரையும் தொடவிட்டிருக்காரா? நீங்க மழமழன்னு பண்ணி வச்சிருக்கீங்க. பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவார்."

ஆக, வாழ்நாள் முழுக்க ஒடுக்கு எடுத்துப் பிழைத்தவர், முதல்முறையாக ஒடுக்கு போட உட்கார்ந்தார்.

போட வரவில்லை. வலது கை மேலிருந்து ஓங்கி அடித்தது. அடித்த மாத்திரத்தில் இடது கை தானாக அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்துத் தாங்கியது; வலது கை டொக் டொக்கென்று தட்டிச் சமன் செய்துவிட்டது. மறுபடி அடித்தார். மறுபடி சமன் ஆனது. முன்னைவிட அழகாக ஆனது.

"கைய அடக்குய்யா!" என்று கத்தினார் பெயின்டர்.

"அடங்க மாட்டேங்குதே! பழகின கை!"

கடைசியில் மனைவி இடது கையைப் பிடித்துக்கொள்ள, பெயின்டர் கண்ணைக் கட்டிவிட, டிங்கர் ஓங்கிப் போட்டார். போட்டோவில் இருந்தபடியே விழுந்தது. மற்ற ஒடுக்குகளை மனைவியே போட்டாள். அவளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. "இது உங்கம்மா சொன்னதுக்கு, இது போன வருஷம் நீங்க சொன்னதுக்கு," என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். பெயின்டர் செங்கல் தூளும் டீ டிகாஷனும் குழைத்துத் துரு பூசினார். அப்படியே போட்டோவில் தெரிந்த நம்பரைப் பார்த்து ஒரு நம்பர் பிளேட்டையும் எழுதி, மண்ணில் புரட்டிப் பழசாக்கி மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். பெரிய துணிப்பையை அணைத்துக்கொண்டு மாமியார் பின்னால் வந்தார்.

மாமனார் தன் காரைத் தேடவில்லை. நேராக ஹாட் ராடிடம் போனார். ஒரு சுற்று வந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். பின்பக்க வளைவில் கை வைத்தவர், வைத்த கையை எடுக்கவே இல்லை.

"தகடு நல்ல கனம்," என்றார் மாமனார், சுவரைப் பார்த்து.

"பழைய தகடு, மாமா."

"யாருக்குப் பண்றது?"

"யாருக்கும் இல்ல மாமா. சும்மா ஆசைக்கு."

"ம்." ஒருவழியாகக் கையை எடுத்தார். "என் வண்டி?"

"அதோ மாமா. நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே நிக்குது!"

மாமனார் அதைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"இந்த ஒடுக்கு..."

"அப்படியே இருக்கு மாமா!"

"துரு?"

"எங்கயும் போகல மாமா! சுத்தியலே படல. உங்க வண்டியத் தொடுவேனா?"

மாமனாரின் முகம் ஏனோ வாடிப்போனது. பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். மாமியார் துணிப்பையைப் பார்த்தார்.

"சரி மாப்பிள்ளை," என்றார் மாமனார். இத்தனை வருஷத்தில் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை. "கேக்காம எதையும் தொடாதீங்கன்னா, தொடாத ஆளுதான் நீங்க." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ஹாட் ராடை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வாசல்வரை ஓட்டிப் போய் நிறுத்தினார். தப்பித்தோம்! டிங்கருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பெயின்டர் நெற்றியைத் துடைத்தார். மனைவி புருஷனின் இடது கையை இன்னும் விடவில்லை.

மாமியார் மட்டும் நகரவில்லை. வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு நம்பர் பிளேட்டை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அதே நம்பர். அசல்.

"என்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்கும் ஒண்ணு இந்த மாதிரி பண்ணிக் குடுன்னு வாய்விட்டுக் கேக்க கௌரவம் இடம் குடுக்காமதான், நீங்க காயலான் வண்டின்னு நினைச்சு வெட்டிடுவீங்கன்னு நம்பி, இதைத் தன் கையாலயே கழட்டிட்டு, காரை அந்தக் கூட்டத்துக்கு நடுவுல கொண்டுவந்து நிறுத்தினாரு அவரு!"