கரண்ட் பாய்லரும் சௌந்தரராஜன் சாரும்

மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காவிட்டால் சிலருக்குத் தலை வெடித்துவிடும். அந்த இனத்தைத்தான் இன்று உங்கள் முன்னால் நிறுத்தப் போகிறேன். மாதிரிக்கு ஆள் வேண்டுமா? ஓசூரில் நான் மெக்கானிக்காக இருந்த பட்டுநூல் ஆலையின் சூப்பர்வைசர், சௌந்தரராஜன் சார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அதுவரை பட்டுக்கூடு அவிக்க விறகு பாய்லர்தான். அந்தப் புகையில் முனிலட்சுமியும் மற்றப் பெண்களும் கண்ணைக் கசக்கிக் கசக்கியே பாதி நாளை ஓட்டுவார்கள். முதலாளி திம்மப்பன் ஒரு கரண்ட் பாய்லரை வரவழைத்தார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஆவி அழுத்தம் காட்டுற முள்ளு அஞ்சுல நிக்கணும். நிக்கலைன்னா மெஷின் திரும்பிப் போயிடும், பழையபடி விறகுதான்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

சார் சும்மா இருப்பாரா? இருபது வருஷமாகப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தே ஆவியின் பலத்தைச் சொன்னவர், புகையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் புது மாப்பிள்ளை மாதிரி கம்மென்று நிற்கிற இந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டு, கடைசியில் மேலே இருந்த வால்வைத் திறந்தார். புஸ்! "ம், இருக்கு" என்று மூடினார். மூன்றில் இருந்த முள் இரண்டுக்கு இறங்கியது. பத்து நிமிஷம் போனதும் மறுபடியும் புஸ்! அப்புறம் முள் எப்படி ஏறும்?

"சொன்னேன்ல? நெருப்பில்லாம ஆவி எங்கிருந்துய்யா வரும்?" என்று வெற்றிச் சிரிப்பு வேறு.

"சார், நீங்க திறக்கிறதாலதான் இறங்குது" என்றேன்.

"எனக்கே பாடமா?" என்றார்.

மணி பன்னிரண்டு. முனிலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கெட்டிக்காரி.

"சார், பழைய சிம்னியில ஏதோ புகையற மாதிரி இருக்குது சார். நீங்க பார்த்தாத்தான் தெரியும்."

ஓடினார் மனுஷன். முந்தின நாளே அணைத்துவிட்ட விறகு பாய்லரின் சிம்னியை முக்கால் மணி நேரம் ஆராய்ந்தார். அதற்குள் முள் ஏறி, ஐந்தில் அசையாமல் நின்றது. திம்மப்பன் வந்து பார்த்துவிட்டு, "சரி, இதுவே இருக்கட்டும்" என்றார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த சார் சொன்னார்: "காலையில இருந்து நான்தான் அப்பப்போ காத்தை வெளியேத்திவிட்டேன். இல்லைன்னா ஏறியிருக்குமா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. முனிலட்சுமி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். புகை ஒழிந்ததே, பெயரை அவர் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

சிரிக்கிறீர்கள், நல்லது. நேற்று அடுப்பில் இருந்த இட்லிப் பானையை எத்தனை தடவை திறந்து பார்த்துவிட்டு, "மாவு சரியில்லை" என்று வீட்டில் சண்டை பிடித்தீர்கள்?