எதையும் கலக்காதவன்

இருட்டிய கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ்... நின்றது. மறுபடி ஸ்ஸ்ஸ்... பாம்புதான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, துடைப்பத்தை ஓங்கியபடி கதவைத் தள்ளினாள்.

உள்ளே கணவன். ஏணி உரசிச் சிராய்த்த முழங்கையில் கிருமிநாசினி மருந்தைப் பாட்டிலோடு கவிழ்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சீறிக்கொண்டிருந்தான்.

"தண்ணி கலந்து போடச் சொல்லிப் பாட்டில்லயே போட்டிருக்குதேங்க."

"எரிஞ்சாத்தான் மருந்து. நான் பெயின்ட்லயே எதையும் கலக்காதவன்."

அது ஊரறிந்த சங்கதி. மற்ற பெயின்டர்கள் இளக்கிப் பூசுவதை அவன் கலப்படம் என்பான். அந்தக் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளே சாட்சி. அவன் அடித்த கெட்டிப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டது, அப்புறம் அசையவே இல்லை. உடைத்தால்தான் வரும் என்று கைவிரித்துவிட்டான். குளிக்கப் போகிறவர்கள் உள்ளே இருப்பது தெரியப் பாட்டுப் பாட வேண்டியிருந்தது.

இப்போது அவன் பார்வை குழந்தையின் வாயில் விழுந்தது. மத்தியானம் கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டதில் உதட்டின் உட்புறம் லேசாகக் கிழிந்திருந்தது. ரத்தம் அப்போதே நின்றுவிட்டது. இருந்தாலும், ஒரு சொட்டு வைத்தால் காலையில் சரியாகிவிடும் என்று அவன் பஞ்சை நனைத்தான்.

அவள் குழந்தையோடு ஓரடி பின்வாங்கினாள். இது மேல்தோலுக்கு மட்டும்தான், வாய்க்குள்ளே ஆகவே ஆகாது, வெந்துவிடும் என்று தடுப்பூசி போட்ட நர்ஸம்மா சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள். அவனோ, நர்ஸம்மா வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததே தான்தான் என்றான். வைத்தியத்தையும் அன்றைக்கே கற்றுக்கொண்டு வந்துவிட்டவன் போல. பஞ்சு நெருங்கியது.

அவள் சட்டென்று குழைந்தாள்.

"சரிங்க. ஆனா அப்பா வாயத் திறந்தாத்தான் இவனும் திறப்பான். உங்களுக்கும்தான் நாக்குல புண்ணு இருக்கே. காரமே வேணாம்னு தினமும் என்னைப் படுத்துறீங்களே. முதல்ல அதுல வைங்க."

பஞ்சு நடுவழியில் நின்றது.

"எனக்குச் சரியாயிடுச்சு."

"எங்க, காட்டுங்க. ஆ..."

குழந்தை உற்சாகமாக வாயைப் பிளந்து அப்பாவையே பார்த்தது. வேறு வழியில்லை. பஞ்சை நாக்கருகே கொண்டுபோனான். நெடி மூக்கில் ஏறியதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

"உங்களுக்குக் கை நடுங்குது. குடுங்க, நானே வெச்சு விடறேன்" என்று அவள் பஞ்சையும் பாட்டிலையும் வாங்கிக்கொண்டாள்.

யாராவது பார்த்தால் தனக்கு வாய் திறக்க வராது என்று முனகி, இருவரையும் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் பாட்டிலை அலமாரியின் உச்சியில் ஏற்றினாள். காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தத் துணியால் குழந்தையின் உதட்டை மெல்லத் துடைத்தாள். அது சிரித்தது.

"என்னங்க, பஞ்சோட வரட்டுமா?" என்று குரல் கொடுத்தாள்.

உடைத்தால்தான் வரும் என்ற தாழ்ப்பாள், உள்ளிருந்து ஒரே இழுப்பில் விழுந்து கதவைப் பூட்டியது.