பத்திரம் என் பீரோவிலேயே இருக்கட்டும்

திண்டுக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சேவியருக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காவும் சுகம். நிலக்கோட்டையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமென்றும், மல்லிகை நல்ல விலைக்குப் போகிறதென்றும் நம்புகிறேன். பூ வியாபாரத்துக்குச் சொந்த வேன் வாங்க எங்கள் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கக் கேட்டிருந்தீர்கள். போனில் பதில் சொன்னால் உங்கள் குரல் தழுதழுக்கும், நானும் சரியென்று சொல்லித் தொலைப்பேன். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்: முடியாது. காரணத்தைப் பொறுமையாக வாசிக்கவும்.

வீட்டுக் கடன் இருந்த காலத்தில் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. யார் கைமாத்துக் கேட்டாலும் “லோன் ஓடுதப்பா” என்பேன். கேட்டவரே பாவமென்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் உங்கள் அக்காதான், “மொதல்ல அந்தக் கடன அடைங்க, நிம்மதியா கண்ண மூடணும்” என்றாள். யார் கண்ணை என்று நான் கேட்கவில்லை. வங்கியில் அந்த மேனேஜர் பெண், “இன்னும் ஆறு வருஷம் இருக்கே சார், என்ன அவசரம்?” என்று, பாயாசம் வருவதற்குள் பந்தியைவிட்டு எழுந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கட்டி முடித்தேன், பத்திரம் கைக்கு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நன்றிப் பூசை வைக்க வேண்டுமென்று உங்கள் அக்கா கோயிலுக்குப் போனாள். என்ன கருத்துக்கு என்று, பூசைக் குறிப்பு எழுதிக்கொள்ளும் உபதேசியார் மரியசெல்வம் கேட்டிருக்கிறார். எல்லாரையும்போல ‘பெற்ற நன்மைகளுக்காக’ என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே? ஆண்டவருக்கு விவரம் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் அவர் மைக்கில், “தங்கள் வீட்டுக் கடனை, ஆறு வருடம் முன்னதாகவே, முழுவதுமாக, அடைத்து முடித்த சகாயராஜ், லூர்தம்மாள் குடும்பத்தினர்” என்று நிறுத்தி நிறுத்தி வாசிக்க, கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் வழக்கமாகக் கும்பிட்டு விடுகிறவர்கள் அன்றைக்கு என் கையைப் பிடித்தார்கள், பிடித்த கையை விடவில்லை. பாடகர் குழுவுக்குக் கீபோர்டு இல்லாத குறையை ஒருவர் சாமியாரிடம் நற்கருணை வாங்கப் போகும் வரிசையிலேயே என் காதில் போட்டார். வெளியே வந்தால் டீக்கடை அப்பாஸ், “மைக்குல கேட்டேன் சார், ரொம்பச் சந்தோசம். நம்ம மச்சினன் ஒரு லோன் போடுறான், ஜாமீன் கையெழுத்து ஒண்ணே ஒண்ணு போட்டுருங்க” என்றார். வாய்ப் பழக்கத்தில், “லோன் ஓடுதே பாய்” என்றேன். “அடச்சிட்டதா இப்பத்தான சாமிகிட்ட சொன்னீக!” என்றார். மாலையில் திருவிழாக் கமிட்டி வந்தது. முதல் நாள் உபயம் நான்தான் என்று நோட்டீஸே அடிக்கக் கொடுத்துவிட்டார்களாம், வாணவேடிக்கையும் அதில் சேர்த்தியாம். அவர்கள் எழுந்து போவதற்குள் சாணார்பட்டியிலிருந்து என் பெரியப்பா மகன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். “அம்புட்டையும் அடச்சிட்டியாமேப்பா!” என்று உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறார், என்ன வேண்டுமென்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை. பத்திரம் வந்த அன்று அதைப் பீரோவில் பூட்டிவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றேன். மலைக்கோட்டை தெரிந்தது. எப்போதும் தெரிவதுதான், ஆனால் அன்றைக்குத்தான் சொந்த மாடியிலிருந்து பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அந்தப் பத்திரத்தை மறுபடி ஒரு வங்கிக்காரர் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. நான் பாடுபட்டுக் கட்டிய வீடு. பத்திரம் என் பீரோவிலேயே இருக்கட்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தங்கச்சியை மிகவும் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் தொழில் பெருகவும் குடும்பம் தழைக்கவும் மாதா கூடவே இருந்து ஆசீர்வதிப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
சகாயராஜ்.

பி.கு.: எழுதியதை உங்கள் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, “எடம் எங்கப்பா எனக்குச் சீதனமாக் குடுத்தது. பத்திரம் எம் பேர்ல இருக்கு. தவண கட்டுனீக, இல்லேங்கல. முடியாதுன்னு சொல்ல நீங்க யாரு?” என்றாள். ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ளலாமென்று பீரோவைத் திறந்தேன். “அங்க என்னத்தத் தேடுறீக? நேத்து நீங்க மத்தியானம் தூங்கையிலயே தம்பி வந்து வாங்கிட்டுப் போயிருச்சு” என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே உள்ளதில் ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடவும்.