பச்சை நூலும் நாகர்கோவில் பயணமும்

இனி எந்த மெக்கானிக்கும் நம் எஞ்சினைத் தொடக் கூடாது, நானே பிரித்து நானே பூட்டுவேன் என்று என் வீட்டுக்காரர் பகவதிப்பெருமாள் சபதம் போட்டார். ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் பானை வைத்துப் பொங்கலிடும் பொங்காலைக்குப் பத்து நாள் இருந்தது.

கரமனையில் எங்களுக்கு ஒரு மாவு மில். இந்த ஊர் கறண்டை நம்பினால் பாதி நாள் ஈ ஓட்ட வேண்டும் என்பதால் ஒரு சின்ன டீசல் எஞ்சின்தான் அதை ஓட்டுகிறது. பொங்காலை வாரத்தில், இலையில் பொதிந்து அவிக்கும் தெரளி அப்பத்துக்கு அரிசி பொடிக்கப் பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அந்த வாரம் மில் ஓடாவிட்டால் பக்கத்து மில்லுக்குப் போவார்கள். போனவர்கள் வருஷம் முழுக்கத் திரும்ப மாட்டார்கள்.

எஞ்சின் லேசாக டொக் டொக் என்றது. அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் மில் முழுக்க எஞ்சின். குப்புறக் கிடக்கும் இரும்பு, மல்லாக்கக் கிடக்கும் இரும்பு, நடுவில் என் புது இட்லித் துணியில் கை துடைத்தபடி இவர்.

பழவங்காடியில் ஒரு கடையிலிருந்து காகித உறையில் பச்சையாக ஏதோ வாங்கி வந்திருந்தார்.

“இது என்ன நூலு?”

“நூலு இல்ல பிள்ள, பிளாஸ்டிக்கு. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில எவ்வளவு இடைவெளின்னு இத வச்சுத்தான் அளக்கணும். உனக்குப் புரியாது.”

எஞ்சினுக்குள் சுழலும் தண்டான அந்தக் கிராங்கைத் துடைத்து, நூலில் ஒரு துண்டை அதன்மேல் வைத்தார். பேரிங் மூடியைப் போட்டு போல்ட்டை இறுக்கினார். மறுபடி கழற்றினார். நூல் நசுங்கி, பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் எழவு வீட்டில் நிற்பவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

“போச்சு. எவ்வளவு அகலம் பாத்தியா? அவ்வளவு இடைவெளி விழுந்திருக்கு. நாகர்கோவில் கொண்டுபோய்க் கிராங்கைக் கடையணும்.”

“இந்த ஊர்ல கடைசல் பட்டறையே இல்லியா?”

“இருக்கு. வேலை சுத்தம் இல்ல.”

“எத்தன நாளு?”

“நாலு. அஞ்சும் ஆகும். கூடவே நின்னு பாக்கணும், கேட்டியா.”

எனக்கு அழுகையே வந்தது. பிறகு இவர் அதற்குள் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை மூன்று, கரை வேட்டி, சென்ட் பாட்டில். எந்தப் பட்டறையில் இதெல்லாம் கேட்கிறார்கள்? அழுகை நின்றது.

நாகர்கோவிலில் இவர் தங்கை சொர்ணம்மாள் வீட்டில் புதுக் கலர் டிவி வந்திருந்தது. உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. எங்கள் டிவியோ தீபாவளியோடு கண்ணை மூடிவிட்டது.

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். எஞ்சின் தெரியாது, மாவு தெரியும். பிசைந்த மாவை நூல் மாதிரித் திரித்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தேன்.

“ஏறி நில்லுங்க.”

“எதுக்கு?”

“உங்க கனத்துக்கு ஒரு உபயோகம் வரட்டும்.”

ஏறினார். இறங்கினார். மேல் பலகையைத் தூக்கிக் காட்டினேன்.

“மாவு பரந்திச்சா?”

“பரந்திச்சு.”

“ரெண்டு பலகைக்கும் நடுவில இடம் கூடிச்சா, குறைஞ்சிச்சா?”

தாடையைச் சொறிந்தார். “மாவு வேற, பேரிங்கு வேற.”

அந்தக் காகித உறையை எடுத்தேன். அதில் வரிசையாகக் கோடுகள், பக்கத்தில் நம்பர்கள். “தடிச்ச கோட்டுக்குச் சின்ன நம்பர், மெலிஞ்ச கோட்டுக்குப் பெரிய நம்பர் போட்டிருக்கே. இதை அச்சடிச்சவனும் மாவு பிசையிறவனா?”

உறையை நசுங்கிய நூலின் பக்கத்தில் அவரையே வைக்கச் சொன்னேன். சரியாக ஒரு கோட்டோடு பொருந்தியது. அந்த நம்பரை எஞ்சின் புத்தகத்தில் தேடச் சொன்னேன். வேண்டிய இடைவெளி அதேதான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில் வாசித்தார்.

“அப்போ அந்த டொக் டொக்?”

“பெல்ட்டு மாட்டுற புல்லி கொஞ்சம் லூசு.”

“எப்போ தெரியும்?”

“பிரிக்கிறதுக்கு முன்னாடி.”

நான் சத்தம் போடவில்லை. “பூட்டி ஓட்டிக் காட்டுங்க. பிறகு நாலு நாள் நாகர்கோவில் போயிட்டு வாங்க, நான் தடுக்கல. அரைக்கிறது எனக்குத் தெரியாதா?”

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டே வேலை செய்ததை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை எஞ்சின் சுத்தமாக ஓடியது. மில் வாசலில் அரிசிப் பாத்திரங்களோடு பெண்கள் வரிசை. இவர் குளித்து, சென்ட் அடித்து, பையைத் தோளில் மாட்டி வாசலில் இறங்கினார்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. சொர்ணம்மாள், அவள் வீட்டுக்காரர் திரவியம், மூன்று பிள்ளைகள், ஒரு பொங்காலைப் பானை. முந்தாநாளே பூத்திலிருந்து போன் பண்ணி, பொங்காலை முடியும் வரை இங்கேயே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

திரவியம் இறங்கி, இவர் தோள் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

“வீட்டைப் பூட்டிட்டு வந்தாச்சு மச்சான். டிவிய எந்த ரூம்ல வச்சிருக்கீங்க? மேட்ச் தொடங்கப் போகுது.”