வேறு ஆள் கிடைத்துவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவால் நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். உன் முதுகுவலிக்குத் தனியாக ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் ஊரார் பேச இணைப்புக் கொடுத்தவள் நான். இன்றைக்கு நான் பேசுகிறேன், நீ கேள்.

போன வருஷக் கடைசியில் அத்தானை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, இனிமே வேற ஆள் யாராவது கிடைப்பாங்களான்னு பாரேன்" என்றாயே, நினைவிருக்கிறதா? நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கும் ஆபீஸ், குடும்பம், முதுகு எல்லாம் இருக்கிறது. கொஞ்ச நாள் மனதுக்குள் மட்டும் தப்பாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போது சந்தோஷமாகச் சொல்கிறேன், வேறு ஆள் கிடைத்துவிட்டது. அது நான்தான்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. புது வருஷ ஆராதனையில் எங்கள் போதகர் ஒரு வார்த்தை சொன்னார். "ஆசைப்படுறதெல்லாம் ஜெபம் ஆயிடாது. முதல்ல அவர் சித்தம் என்னன்னு கேளுங்க. அப்புறம் கண்ணால பாக்குற மாதிரி ஒரே ஒரு இலக்கு வைங்க. அதை நாலு பேர் காதுல போடுங்க. உங்க பங்கை நீங்க செய்யுங்க, அவர் பங்கை அவர் பாத்துப்பார்." இதற்கு முன் வருஷா வருஷம் நான் வைத்த இலக்கெல்லாம் பொறுமை, தாழ்மை என்ற ரகம். அடைந்தேனா இல்லையா என்று யாரும் வந்து சோதிக்க முடியாது, அதில் ஒரு வசதி. இந்தத் தடவை கண்ணை மூடி உண்மையாகவே கேட்டேன். பெரிய தரிசனம் ஒன்றும் வரவில்லை. கொட்டகையில் உறை போட்டு நிற்கிற அத்தானின் கார் வந்தது, அதன்மேல் பக்கத்து வீட்டுப் பூனை படுத்திருந்தது. அவருக்குக் கண் மங்கி, கை தளர்ந்தபின் அதைத் தொட ஆளில்லை. இந்த வயதில் நானா என்று கேட்டேன். பூனை எழுந்து போய்விட்டது. சித்தம் தெரிந்துவிட்டது.

நாலு பேர் காதில் போடவேண்டுமே, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். உடனே எல்லோரும் எனக்காக ஜெபித்தார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆர்கன் வாசிக்கிற அம்மா, "சித்தமானால் வாசலைத் திறவும், இல்லாவிட்டால் இப்பொழுதே அடைத்துவிடும்" என்றாள். செயலாளர் அம்மா, சாலையில் நடக்கிற சிறுவர், முதியோர், கால்நடைகள் எல்லாரையும் ஆண்டவருடைய செட்டைகளின் கீழ் மறைத்துக்கொள்ளும்படி மன்றாடினாள். நான் ஊர்மேல் படையெடுத்து வருகிற மாதிரி இருந்தது, கேட்க.

கற்றுக்கொடுக்க வந்தவருக்கு ஊரில் பிரேக் என்றுதான் பெயர், பயிற்சிக் காரில் அவருடைய கால் அவர் பக்கத்துப் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை. நம் சபைக்காரர் இல்லை. சாவியைத் திருகுமுன் நான் வாய்விட்டு ஜெபித்தபோது முதல் நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் அவரும் கைகூப்பினார். அடுத்த நாள், "அக்கா, அப்படியே என் மாமியாரையும் ஒரு வார்த்தை சேத்துக்குங்க, சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது" என்றார். பிறகு மச்சினிக்கு வரன், மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர்ச் சண்டை என்று வரிசையாக வந்தது, ஜெபம் முடிவதற்குள் வகுப்பில் பாதி போய்விடும். ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது மாமியாருக்கு மறுபடி கேட்டார், நானும் கண்ணை மூடினேன், அவரும் மூடினார், விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்த லாரி அடித்த ஹாரனில் இரண்டு பேரும் ஒன்றாக ஆமென் சொன்னோம். மாமியாருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, அதையும் சொல்லவேண்டும்.

வீட்டிலோ உன் அத்தான். உனக்குத்தான் தெரியுமே, அந்த மனுஷர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார், எல்லாம் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில்தான் வெளியே வரும். "ஆண்டவரே, இவள் கிளட்ச்சை மிதித்தபடியே வண்டி ஓட்டுகிறாள். தேய்ந்துபோகும் என்று நான் சொன்னால் கோபிப்பாள். நீரே இவளோடு பேசும்" என்பார். அடுத்தது என் முறை. "ஆண்டவரே, இவருக்கு என்மேல் நம்பிக்கையைத் தாரும், அது தாமதமானால் மௌனத்தையாவது தாரும்" என்பேன். இரண்டு பேரும் ஆமென் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவோம். "நீங்களும் ஒரு இலக்கு வையுங்க" என்று கேட்டதற்கு, "எனக்கென்ன இலக்கு, ஊசி குத்துறவன் ஒரே குத்துல நரம்பைக் கண்டுபிடிச்சா போதும்" என்றார்.

லைசென்ஸுக்கான முதல் சோதனையில் தோற்றேன், மறைக்கமாட்டேன். அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து "எடுங்க" என்றார். நான் வழக்கப்படி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினேன். நெஞ்சடைத்துவிட்டது என்று நினைத்து அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி, ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு ஆளுமாகத் திரும்பி வந்தார். ஜெபம் முடிந்து நான் நிமிர்ந்தபோது வாளித் தண்ணீர் என் முகத்துக்குப் பாதி தூரம் வந்துவிட்டது. வண்டி ஒரு அடி நகராமலே தோல்வி. பிரேக்தான் தேற்றினார். "அக்கா, சாமி கும்பிட வேண்டாம்னு சொல்லல. கண்ணைத் திறந்துக்கிட்டுக் கும்பிடுங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசினா அவர் கோவிச்சுக்கவா போறார்?" போதகரிடம் கேட்டேன், தாராளமாகச் செய்யலாம் என்றார். எனக்குத்தான் லேசில் வரவில்லை, பிறந்ததிலிருந்து மூடிப் பழகிய கண். பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது எல்லாம் திறந்த கண்ணோடு ஜெபித்துப் பழகினேன்.

இரண்டாம் முறையும் அதே அதிகாரி. ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலோடுதான் ஏறினார். நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு, "பக்கத்துலயே இரும், என்னைக் கைவிடாதேயும்" என்று சொன்னபடி கியரைப் போட்டேன். அவர், "நான் எங்கயும் போகலைம்மா, நீங்க ஸ்டியரிங்கைக் கைவிடாதீங்க" என்றார். தேறிவிட்டேன். பின்பக்கமாக நிறுத்தும்போது ஒரு டிரம்மைத் தொட்டேன், அது காலி டிரம், கணக்கில் வராது.

இப்போது அத்தானை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். முதல் நாள் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார், போகட்டும், அவருக்கு என்ன அவசரமோ. எங்கள் கேட்டின் இடதுபக்கத் தூண் இப்போது இல்லை, அது ஏற்கெனவே விரிசல் விட்டதுதான். ஆஸ்பத்திரிக் காவல்காரர் என்னைக் கண்டதும் மற்ற வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டி வழிவிடுகிறார், அந்த மரியாதை உனக்குக் கிடைத்ததில்லை. ஆகையால் தம்பி, நீ இனிமேல் லீவு கேட்கவேண்டாம், கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம், வரவே வேண்டாம். யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்றுதான் இலக்கு வைத்தேன், ஜெபித்தேன், அடைந்தேன். இனி எங்களுக்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை, மேலே இருக்கிறவரைத் தவிர.

உன் போக்கையும் வரத்தையும் அவர் காப்பாராக. பிள்ளைகள் தலையில் கைவைத்து நான் ஆசீர்வதித்ததாகச் சொல். சாலையைக் கடக்கும்போது இருபக்கமும் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டும் உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் குடும்ப ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். இன்றைக்கு அத்தான் ஜெபித்தது இது: "ஆண்டவரே, இவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். ஆனால் வழி முழுக்க உம்மோடுதான் பேசுகிறாள், பக்கத்தில் இருக்கிற என்னோடு பேசுவதில்லை. மச்சினன் வந்தபோது எதையாவது பேசிச் சிரிக்கவைப்பான், ஆஸ்பத்திரி வந்ததே தெரியாது. இப்போது வழியெல்லாம் அந்த ஊசிதான் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே."

பயம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை, தம்பி. முன்னே மாதிரி கண்ணை மூடியிருந்தால் கேட்டதோடு போயிருக்கும். வண்டி ஓட்டிப் பழகினதில் இப்போ எந்த ஜெபத்திலும் என் கண் மூடறதில்லை. பார்த்துட்டேன். ஊசி ஏறுற கையை இன்னொரு கையால மூடிப் பிடிச்சிருந்தார்.

என் முறை வந்தது. ஆமென்னு மட்டும் சொன்னேன்.

மேலே எழுதினதை அடிக்க மனசு வரல, அது அப்படியே கிடக்கட்டும். நீ வெள்ளிக்கிழமை காலையில வந்துடு. ஓட்ட வேண்டாம், சாவி என்கிட்டதான் இருக்கும். பின்சீட்டில் அவர்கூட உட்கார்ந்து பேசிக்கிட்டே வா. கடிகாரத்தை வீட்டில் வச்சுட்டு வா.